டிராக்குலா (1931): ஒரே அரங்கில் உருவான இரு படங்களும் அவற்றின் பிழைகளும்

டிராக்குலா என்பது அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் தயாரித்து 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியிட்ட திகில் திரைப்படம். அயர்லாந்தில் பிறந்த எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலே இதன் மூலக்கதை. டாட் பிரௌனிங் இயக்கிய இப்படத்தில் டிராக்குலா பிரபுவாக பெலா லுகோசி நடித்தார். கறுப்பு மேலங்கி, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைமுடி, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசும் பேச்சு என்று டிராக்குலா என்றதும் இன்று எல்லோர் மனத்திலும் எழும் உருவம் இந்தப் படத்தில்தான் நிலைபெற்றது.

படத்தில் உள்ள பிழைகளும் அதே அளவுக்குப் பேசப்பட்டவை. பழைய படம் ஒன்றில் பிழை கண்டுபிடிப்பது எளிது. அந்தப் பிழை கவனக்குறைவால் வந்ததா, பணம் போதாமல் வந்ததா, அல்லது வெட்டி ஒட்டும்போது நேர்ந்ததா என்று சொல்வதுதான் கடினம். டிராக்குலாவைப் பொறுத்தவரை இதை ஓரளவு சோதித்துப் பார்க்க அரிய வழி ஒன்று இருக்கிறது. பகலில் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட அதே அரங்குகளில், இரவில் வேறொரு குழு வந்து அதே கதையை ஸ்பானிய மொழியில் படமாக்கியது. இரண்டு படங்களும் இன்று காணக் கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பகல் குழு எங்கே தவறியது, ஏன் தவறியது என்பது பெரும்பாலும் விளங்கிவிடுகிறது.

நாவலிலிருந்து நாடகத்துக்கு

படத்தின் பல குறைகளுக்கு வேர் படப்பிடிப்பில் இல்லை. அதற்கு முன்பே நடந்த மாற்றங்களில் இருக்கிறது. ஸ்டோக்கரின் நாவல் நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றால் கோக்கப்பட்ட நீண்ட கதை. திரான்சில்வேனியா மலைக்கோட்டையில் தொடங்கி, இங்கிலாந்துக்கு வந்து, மீண்டும் திரான்சில்வேனியாவுக்கே திரும்பி முடிகிறது. 1922-இல் செருமானிய இயக்குநர் முர்னாவ், அனுமதி பெறாமலேயே பெயர்களை மட்டும் மாற்றி இக்கதையை நோஸ்ஃபெராட்டு என்ற ஊமைப்படமாக எடுத்தார். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். அப்படத்தின் பிரதிகளை அழிக்க வேண்டும் என்று 1925-இல் தீர்ப்பாயிற்று. தப்பிய சில பிரதிகளால்தான் அது இன்றும் பிழைத்திருக்கிறது.

முறையான அனுமதியுடன் முதலில் வந்தது நாடகம். ஆமில்டன் டீன் என்ற அயர்லாந்து நடிகர் 1924-இல் டெர்பி நகரில் இதை மேடையேற்றினார். ஊர் ஊராகச் சென்று நடிக்கும் குழுவுக்கு மலையும் கோட்டையும் கப்பலும் கட்டுபடியாகாது. எனவே திரான்சில்வேனியாப் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டு, கதையை லண்டன் மருத்துவர் ஒருவரின் வீட்டுக்குள் அடக்கினார். நாவலில் டிராக்குலா நாகரிகக் கனவானாக யார் வீட்டுக் கூடத்திலும் வந்து அமர்ந்து பேசுவதில்லை. நாடகத்தில் அவன் மாலையுடை அணிந்து கதவைத் தட்டிக்கொண்டு வருகிறான். அவனுடைய மேலங்கிக்கு உயர்ந்த கழுத்துப்பட்டி வந்ததும் மேடையின் தேவையால்தான். பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது அந்தப் பட்டி நடிகரின் தலையை மறைத்துவிடும். மற்றவர்கள் அங்கியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மேடைத் தளத்தில் உள்ள திறப்பின் வழியே கீழே நழுவிவிடுவார். அங்கி மட்டும் கையில் மிஞ்சும். ஒரு வித்தைக்காகத் தைக்கப்பட்ட கழுத்துப்பட்டி, வித்தை தேவைப்படாத திரைப்படத்திலும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் டிராக்குலாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அமெரிக்க எழுத்தாளர் சான் பால்டர்ஸ்டன் திருத்தி எழுதிய வடிவம் 1927-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஏறியது. அதில் டிராக்குலாவாக நடித்தவர் லுகோசி. வான் ஹெல்சிங்காக நடித்த எட்வர்ட் வான் சுலோனும், மருத்துவர் சூவர்டாக நடித்த எர்பர்ட் பன்ஸ்டனும் அவரோடு திரைப்படத்துக்கும் வந்தார்கள். யூனிவர்சல் 40,000 டாலர் கொடுத்து உரிமைகளை வாங்கியபோது நாவலோடு நாடகத்தையும் சேர்த்தே வாங்கியது. படத்தின் முதல் 20 நிமிடம் நாவலைத் தழுவியது. மீதி பெரும்பாலும் நாடகத்தைத் தழுவியது. கோட்டைக் காட்சிகளில் இருக்கும் வீச்சு லண்டன் வந்ததும் குன்றிப்போவது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விடை இதுதான்.

லுகோசிக்குக் கிடைத்த வாய்ப்பு

லுகோசி இந்த வேடத்துக்கு நிறுவனத்தின் முதல் தேர்வு அல்லர். பிரௌனிங்கோடு பல படங்களில் பணியாற்றிய லான் சானியின் பெயர் பேசப்பட்டது. அவர் 1930 ஆகத்து 26 அன்று புற்றுநோயால் இறந்தார். வேறு பலரையும் பார்த்த பிறகே லுகோசியை அழைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவியோடு உரிமைக்கான விலை பேசும் நாள்களில் நிறுவனத்துக்காகக் கடிதம் எழுதி உதவியவர் அவர். அப்படியிருந்தும் அவருக்குக் கிடைத்தது வாரம் 500 டாலர். 7 வாரத்துக்கு 3,500 டாலர். காதலன் வேடத்தில் வந்த டேவிட் மேனர்ஸுக்கு வாரம் 2,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. படத்தின் பெயரையே சுமந்தவருக்குக் கால்வாசி!

லுகோசிக்கு ஆங்கிலம் தெரியாது, வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்தார், அதனால்தான் அந்த இழுவை என்று ஒரு செய்தி திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அவர் 1920-இலேயே அமெரிக்கா வந்துவிட்டவர். தொடக்க கால நாடகங்களில் அப்படி மனப்பாடம் செய்திருக்கிறார். ஆனால் 1930-இல் இதே வேடத்தை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான முறை நடித்து முடித்திருந்தார். அந்தப் பேச்சு இயலாமை அன்று. மேடையில் பழகிப் பதப்படுத்திய நடை.

பகலும் இரவும்

பேசும்படம் வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஊமைப்படமாக இருந்தவரை எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றி எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். படம் பேசத் தொடங்கியதும் அந்த வசதி போயிற்று. டப்பிங் முறை இன்னும் தேறவில்லை. எனவே ஆலிவுட் நிறுவனங்கள் ஒரே கதையை வெவ்வேறு மொழி நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தன. யூனிவர்சல் நிறுவனத்தில் பால் கோனர் என்பவர் இந்தப் பொறுப்பை ஏற்றார். பகலில் பிரௌனிங் குழு வெளியேறியதும் மாலையில் ஸ்பானியக் குழு உள்ளே வரும். விடியும் வரை படமெடுக்கும். சார்ச் மெல்ஃபோர்டு இயக்கினார். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வேலை வாங்கினார். டிராக்குலாவாக ஸ்பெயின் நாட்டு நடிகர் கார்லோசு வில்லாரியாசும், மினாவுக்கு இணையான ஏவா என்ற வேடத்தில் மெக்சிகோ நடிகை லுபிடா தோவாரும் நடித்தனர். தோவார் பின்னர் கோனரை மணந்து, 2016-இல் தம் 106-ஆம் வயதில் மறைந்தார். பகல் நடிகர்கள் நின்ற அதே அடையாளக் குறிகளில்தான் தாங்களும் நின்று நடித்ததாக அவர் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆங்கிலப் படத்துக்கு ஏறத்தாழ 3,40,000 டாலர் செலவாயிற்று. ஸ்பானியப் படத்துக்கு ஏறத்தாழ 66,000 டாலர். ஆனால் இரவுக் குழுவுக்கு ஒரு சலுகை இருந்தது. பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்று யோசிக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. முன்னால் ஒருவன் எழுதிய விடைத்தாளைப் பார்த்து எழுதுவது போன்ற நிலை. கோட்டைப் படிக்கட்டில் பிரபு முதன்முதலாகத் தோன்றும் இடத்தில், ஸ்பானியப் படத்தில் கேமரா அவரை நோக்கி மேலே மிதந்து செல்கிறது. ஆங்கிலப் படத்தின் வீட்டுக் காட்சிகள் பலவற்றில் கேமரா நாடகம் பார்க்க வந்தவர் போல நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. பகல் குழுவின் ஒளிப்பதிவாளரோ மெட்ரோபொலிஸ் படத்தை எடுத்த கார்ல் பிராய்ண்ட்! திறமைக்குப் பஞ்சமில்லை. சில நாள் பிராய்ண்டே இயக்கியதாக மேனர்ஸ் பிற்காலத்தில் கூறினார். பிரௌனிங்கின் மனம் இப்படத்தில் முழுமையாக இல்லை என்ற எண்ணம் பலருக்கும் உண்டு.

கண்ணில் படும் பிழைகள்

கோட்டையின் நிலவறையில் சவப்பெட்டிகள் திறக்கும் காட்சியில் ஆர்மடில்லோக்கள் ஓடுகின்றன. நம் ஊர் அழுங்கு போல உடம்பில் ஓடு போர்த்திய இவ்விலங்கு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஐரோப்பாவின் மலைக்கோட்டையில் அதற்கு வேலையில்லை. அருகிலேயே அமெரிக்காவுக்குரிய ஒப்போசமும் தென்படுகிறது. எலிகளைக் காட்டினால் பார்வையாளர்கள் அருவருப்பார்கள் என்று இவற்றை விட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சிறு சவப்பெட்டியிலிருந்து பூச்சி ஒன்று வெளிவரும் துண்டும் உண்டு. பெட்டியைப் பொம்மை அளவில் செய்து, பூச்சியைப் பெரிதாகக் காட்டும் எண்ணம். பார்ப்பவருக்கு அது குட்டிப் பெட்டியில் சாதாரணப் பூச்சியாகவே தெரிகிறது. இதற்கு நேர்மாறாக, விடுதிக் காட்சியில் ஊர்மக்கள் அங்கேரிய மொழி பேசுகிறார்கள். முதல் உலகப் போர் முடியும்வரை அங்கேரியோடு இருந்த பகுதிக்கு அது மிகப் பொருத்தம். மொழியில் இவ்வளவு கவனம் செலுத்தியவர்கள் விலங்கில் கோட்டை விட்டார்கள்.

மிகவும் அறியப்பட்ட பிழை, விளக்கில் ஒட்டிய அட்டை. சூவர்டின் வீட்டுக் காட்சி ஒன்றில் விளக்கின்மேல் ஓர் அட்டைத் துண்டு துருத்திக்கொண்டு நிற்கிறது. நெருக்கக் காட்சியில் நடிகையின் முகத்தில் ஒளி கூசாமல் இருக்க அதைச் செருகியிருக்கிறார்கள். அடுத்து தொலைவிலிருந்து எடுக்கும்போது எடுக்க மறந்துவிட்டார்கள். பல்லாயிரம் டாலர் செலவழித்த படத்தில் ஓர் அட்டையை உருவ ஆளில்லை.

கப்பல் புயலில் தத்தளிக்கும் காட்சியில் மனிதர்கள் விறுவிறுவென்று ஓடுவதைக் காணலாம். அது இப்படத்துக்காக எடுத்ததன்று. 1925-இல் வந்த ஊமைப்படம் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியது. ஊமைப்படங்கள் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை. பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டும்போது ஆட்கள் துள்ளுகிறார்கள். லுகோசியின் கண்களில் மட்டும் விழும்படி சிறு விளக்குகளால் ஒளி பாய்ச்சினார்கள். சில இடங்களில் அது கண்ணைத் தவறவிட்டு அருகே விழுகிறது. கோட்டைக்கு வண்டி ஓட்டி வரும் சாரதி டிராக்குலாவே. நாவலில் அவன் தாடியும் பெரிய தொப்பியுமாக வருகிறான். படத்தில் லுகோசியின் முகம் நன்றாகவே தெரிகிறது. சற்று நேரம் கழித்து அதே முகத்தைக் கோட்டைக்குள் பார்க்கும் பயணி ரென்ஃபீல்டுக்கு ஐயமே எழவில்லை.

அந்தப் பயணி ரென்ஃபீல்டாக இருப்பதும் ஒரு மாற்றமே. நாவலில் கோட்டைக்குப் போகிறவன் சோனதன் ஆர்க்கர். ரென்ஃபீல்டு மனநல விடுதியில் ஈக்களைப் பிடித்துத் தின்னும் நோயாளி; அவனுக்கு ஏன் பித்துப் பிடித்தது என்று நாவல் விளக்குவதில்லை. படம் இருவரையும் இணைத்து அவனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. தழுவலில் செய்த மாற்றங்களுள் இது நல்ல மாற்றம். நடிகர் டுவைட் ஃபிரை அதைப் பயன்படுத்திக்கொண்ட விதம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் கோட்டைப் பயணத்தை இழந்த ஆர்க்கருக்குப் படத்தில் செய்ய ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

சிலர் பிழையென்று பட்டியலிடும் ஒன்று பிழையே அன்று. படிக்கட்டை அடைத்திருக்கும் பெரிய சிலந்தி வலையை டிராக்குலா கிழிக்காமல் கடந்துவிடுகிறான். பின்னால் வரும் ரென்ஃபீல்டு கைத்தடியால் கிழித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அவன் மனிதன் அல்லன் என்று வசனமில்லாமல் சொல்லும் இடம் அது.

லூசி என்ன ஆனாள்?

மேலே சொன்னவை சிறியவை. கதையையே ஊனமாக்கும் பிழை லூசியின் முடிவு. டிராக்குலாவால் இறந்த லூசி, புதைத்த பிறகு வெள்ளுடைப் பெண்ணாக உலவிக் குழந்தைகளைத் தாக்குகிறாள். மினா அவளைக் கண்டதாக வான் ஹெல்சிங்கிடம் அழுகிறாள். லூசியின் ஆன்மாவுக்கு அமைதி தேடித் தருவதாக அவர் வாக்களிக்கிறார். அதன்பின் ஆங்கிலப் படத்தில் லூசி பற்றிப் பேச்சே இல்லை. வாக்கு நிறைவேறியதா, அவள் இன்னும் உலவுகிறாளா, குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று எதுவும் தெரியாமலே படம் முடிகிறது. நாவலில் கல்லறைக்குள் லூசியின் நெஞ்சில் ஆப்பு அறையும் அத்தியாயம் மிகவும் உலுக்கக்கூடியது. அவளை மணக்க இருந்தவனே அதைச் செய்ய வேண்டி வருகிறது. படத்தில் அந்த மணமகனும் இல்லை, கல்லறையும் இல்லை.

இங்கேதான் இரவுப் படம் உதவுகிறது. ஸ்பானியப் படத்தில் வான் ஹெல்சிங்கும் ஆர்க்கரும் வேலையை முடித்துவிட்டு இடுகாட்டிலிருந்து வெளியே வரும் காட்சி இருக்கிறது. நீளமான காட்சியன்று, ஆப்பு அறைவதையும் காட்டவில்லை. ஆனால் லூசியின் கதை முடிந்தது என்று பார்ப்பவர் அறிந்துகொள்கிறார். ஆங்கிலப் படம் ஏறத்தாழ 75 நிமிடம். ஸ்பானியப் படம் ஏறத்தாழ 104 நிமிடம். அந்த அரை மணி நேரத்தில்தான் ஆங்கிலப் படத்தின் ஓட்டைகளுக்கான ஒட்டுகள் பல இருக்கின்றன. அவசரமாகச் சுருக்கியதன் விளைவு இது என்று கருத இடமிருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு. மயங்கி விழுந்த பணிப்பெண்ணை நோக்கி ரென்ஃபீல்டு இளித்துக்கொண்டே தவழ்ந்து போகிறான். ஆங்கிலப் படம் அங்கேயே வெட்டி அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது. அவளைக் கொன்றுவிட்டான் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அப்படி ஒரு கொலை பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்பானியப் படத்தில் அவன் தேடிப் போனது அவள்மேல் உட்கார்ந்த ஈயை! திகிலாகத் தொடங்கிச் சிரிப்பில் முடியும் காட்சி அது. முடிவை வெட்டியதால் பகல் படத்தில் அது விடையில்லாத கேள்வியாக நிற்கிறது.

இரவுப் படத்தின் குறைகள்

இவ்வளவும் சொன்னதால் ஸ்பானியப் படமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதிலும் ஒட்டுவேலை உண்டு. செலவைக் குறைக்க ஆங்கிலப் படத்தின் தொலைக்காட்சித் துண்டுகள் சிலவற்றை அப்படியே எடுத்துச் சேர்த்தார்கள். கூர்ந்து பார்த்தால் அவற்றில் நடந்து போவது வில்லாரியாசு அல்ல, லுகோசி. வில்லாரியாசு திறமையான நடிகர்தான். ஆனால் கண்ணை அகல விழித்துப் பல்லைக் காட்டும்போது அச்சத்துக்குப் பதில் புன்னகை வந்துவிடுகிறது. லுகோசி அப்படி எதுவும் செய்வதில்லை. கோரைப்பல் கூடக் காட்டுவதில்லை. சும்மா நின்று பார்க்கிறார். அது போதுமாக இருக்கிறது. கேமரா வேலையிலும் கதைக் கோவையிலும் இரவுக் குழு வென்றது. டிராக்குலா வேடத்தில் தோற்றது. திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவது பிழை மலிந்த பகல் படமே.

வெட்டப்பட்டவையும் மீண்டவையும்

1936-இல் ஆங்கிலப் படத்தை மீண்டும் வெளியிட்டபோது, அதற்குள் கடுமையாகியிருந்த தணிக்கை விதிகளுக்காக மேலும் சில வெட்டுகள் விழுந்தன. டிராக்குலாவின் சாவு திரையில் காட்டப்படுவதில்லை. அவனுடைய முனகல் மட்டும் கேட்கும். அந்த ஒலியையும் நீக்கினார்கள். பிற்காலத்தில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. படம் முடிந்ததும் வான் சுலோன் திரைக்கு முன் வந்து பார்வையாளர்களோடு பேசும் ஒரு பின்னுரை இருந்தது. இரத்தக்காட்டேரிகள் உண்மையிலேயே உண்டு என்று மிரட்டி வழியனுப்பும் அந்த வேடிக்கை நாடகத்திலிருந்து வந்தது. அதுவும் போயிற்று, இன்று கிடைக்கும் பிரதிகளில் இல்லை. அதே ஆண்டு வெளியான தொடர்படம் டிராக்குலாவின் மகள், முதல் படம் முடிந்த சில நொடிகளில் தொடங்குகிறது. டிராக்குலாவைக் கொன்றதற்காகப் பேராசிரியரைக் காவலர்கள் பிடிக்கிறார்கள். நடிகர் அதே வான் சுலோன். ஆனால் பெயர் மட்டும் வான் ஹெல்சிங் என்பதிலிருந்து ஃபான் ஹெல்சிங் என்று மாறிவிட்டது.

ஸ்பானியப் படமோ நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. அமெரிக்காவில் கிடைத்த நெகட்டிவில் மூன்றாம் சுருள் சிதைந்துபோயிருந்தது. கியூபாவின் ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி இருப்பது தெரியவந்து, அதிலிருந்து அந்தச் சுருளை எடுத்து இணைத்து, 1992-இல் முழுப்படமாக வெளியிட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஆங்கிலப் படம் 2000-இலும் ஸ்பானியப் படம் 2015-இலும் சேர்க்கப்பட்டன. கியூபாவிலிருந்து வந்த பகுதி தொடங்கும்போது படத்தின் தெளிவு சட்டென்று மங்குகிறது, கீறல்கள் கூடுகின்றன. அந்தச் சுருள் முடிந்ததும் மீண்டும் துலக்கமாகிறது.